'சக்' தொடரின் முடிவு ஏன் இத்தனை பேருக்குப் பிடிக்கவில்லை?

காரணம் நாயகி சாராவின் மறதிதான். 2007 முதல் 2012 வரை ஐந்து சீசன் சிரிக்கச் சிரிக்க ஓடிய அமெரிக்க டிவி உளவுத் தொடர் இது. கடையில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் சக்கின் மூளையில் அரசாங்க ரகசியங்கள் ஏறிவிடுகின்றன. காவலுக்கு வந்த உளவாளி சாரா காதலியாகி, மனைவியாகிறாள். கடைசி எபிசோடுகளில் அவளுக்கு அத்தனையும் மறந்துபோகிறது. கடற்கரையில் சக் தங்கள் கதையைச் சொல்கிறான், ஒரு முத்தம், முடிந்தது. நினைவு திரும்பியதா என்று சொல்லவேயில்லை.

சேலத்தில் எங்கள் செட்டிலும் இதற்கு இரண்டு கட்சி உண்டு. தட்டுவடை செட் கடையில் நின்றால்கூட இந்தப் பேச்சுதான். "ஆசையாகப் பார்த்தவர்களை இப்படியா ஏமாற்றுவது?" என்பாள் அக்கா. ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த ஜெய்சங்கர் படங்களில் ஊறிய அப்பாவும் அவள் பக்கம். உளவாளி கதை என்றால் சுபமாக முடியணும் அவருக்கு.

நான் எதிர்க்கட்சி. கடைசி எபிசோடில் வெடிகுண்டை நிறுத்த வழியில்லாமல் சக் திணறும்போது, முதல் எபிசோடில் அவன் பயன்படுத்திய அதே கம்ப்யூட்டர் வைரஸை ஞாபகப்படுத்துவது சாராதான். அந்த இடத்தை மறுபடி பாருங்கள். நினைவு திரும்பத் தொடங்கிவிட்டது என்பதற்கு எனக்கு அது போதும்.