பித்தப்பை ஆபரேஷனுக்குப் பிறகு தோள்வலி

வயிற்றில்தானே ஆபரேஷன், தோள்பட்டை ஏன் இப்படி வலிக்கிறது என்று பயந்துபோய்க் கேட்டிருக்கிறீர்கள். லேப்ராஸ்கோபியில் (சிறு துளைகள் வழியாகச் செய்யும் ஆபரேஷன்) பித்தப்பை எடுத்தபோது எனக்கும் இதேதான். கண் விழித்ததும் பல் கிடுகிடுக்க நடுக்கம், தொண்டை எரிச்சல், அப்புறம் வலது தோளில் குத்து. வயிற்றை உப்பவைக்க விடும் கார்பன் டை ஆக்சைடு, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் தசையான உதரவிதானத்தை உறுத்தும். அதற்கான நரம்பு கழுத்திலிருந்து வருவதால் வலி தோளில் தெரிகிறது. பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். மெல்ல எழுந்து நடங்கள். இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடியுங்கள், தையல் அவ்வளவாக இழுக்காது. பல்லைக் கடித்துப் பொறுக்காதீர்கள்; வலி முற்றியபின் மாத்திரை லேசில் கேட்காது, டாக்டர் சொன்ன நேரத்துக்கே போடுங்கள். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, காய்ச்சல், கண் மஞ்சளாவது இருந்தால் மட்டும் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.