எட்டுப் பசுவுக்கு ஐந்தே கன்று: காளையைப் பழிக்கும் முன் 82 நாள் கணக்கைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் குடும்பப் பண்ணையில் எட்டு இறைச்சியினப் பசுக்களும் ஒரு பொலிகாளையும் உள்ளன. காளை ஆண்டு முழுவதும் மந்தையோடுதான் மேய்கிறது. சென்ற ஆண்டு ஐந்து கன்றுகள்தான் கிடைத்தன. அவையும் வெவ்வேறு மாதங்களில் சிதறிப் பிறந்தன. காளைக்கு ஐந்து வயதாகிறது. அதற்குப் பிறந்த இரண்டு கிடேரிகள் 13 மாத வயதில் அதே மந்தையில் நிற்கின்றன. காளையை மாற்றினால் போதுமா, வேறொரு பண்ணையிலிருந்து இரவலாகக் காளை வாங்கலாமா, அல்லது சினை ஊசிக்கு மாறிவிடலாமா?

பதில்: நீங்கள் கேட்டவற்றுக்கு விடை சொல்வதற்கு முன், கேட்காத ஒன்றைச் சொல்லவேண்டியிருக்கிறது. அந்த இரண்டு கிடேரிகளையும் இன்றைக்கே காளையிடமிருந்து பிரித்து, உறுதியான வேலிக்கு அப்பால் கட்டுங்கள். பெரும்பாலான கிடேரிகள் 10 முதல் 15 மாதத்துக்குள் பருவத்துக்கு வந்துவிடும். நல்ல தீனியில் வளர்ந்தவை அதற்கும் முன்பே வரும். ஆகவே அவை ஏற்கெனவே சினையாகியிருக்கவும் கூடும். தகப்பனுக்கும் மகளுக்கும் பிறக்கும் கன்றின் உள்ளினப்பெருக்கக் கெழு, அதாவது நெருங்கிய உறவுக்குள் சேர்வதன் அளவு, 25 விழுக்காடு. பிறப்புக் குறை, மந்த வளர்ச்சி, நோய் எதிர்ப்புக் குறைவு ஆகிய அனைத்துக்கும் அங்கே வழி திறக்கிறது. ஐந்து வாரம் கழித்துக் கால்நடை மருத்துவரைக் கொண்டு சோதித்துப் பாருங்கள். தொடக்கக் காலச் சினையை ஊசியால் கலைக்க அவரால் முடியும். அந்த மருந்தைக் கருவுற்ற பெண்களும் ஆஸ்துமா உள்ளவர்களும் கையால் தொடவே கூடாது என்பதால், வீட்டில் வாங்கி வைத்து நீங்களே போட முயலவேண்டாம்.

இனி உங்கள் கேள்விக்கு வருவோம். கன்று குறைந்தவுடன் காளை மீது ஐயம் கொள்வது இயல்புதான். ஆனால், உங்களுடையதைப் போன்ற சிறு மந்தைகளில் நான் முதலில் பார்ப்பது பசுக்களின் விலா எலும்பை. காரணம் ஓர் எளிய கழித்தல் கணக்கு. பசுவின் சினைக்காலம் சராசரியாக 283 நாள். ஆண்டுக்கொரு கன்று வேண்டுமென்றால் 365-இல் 283 போக மீதி 82 நாள்தான். இந்த 82 நாளுக்குள் கருப்பை சுருங்கிப் பழைய நிலைக்குத் திரும்பவேண்டும். அதற்கே ஏறத்தாழ 40 நாள் ஆகும். கன்றுக்குப் பால் கொடுத்துக்கொண்டே பசு மீண்டும் பருவத்துக்கு வரவேண்டும். வந்த பருவத்தில் சினையும் பிடிக்கவேண்டும். பருவம் 21 நாளுக்கு ஒருமுறை வருவதால், 60-ஆம் நாளில் பருவத்துக்கு வரும் பசுவுக்கு இரண்டு வாய்ப்புகள் கிடைக்கின்றன. 80-ஆம் நாளில் வரும் பசுவுக்கு ஒன்றுதான். அதற்கும் பிந்தினால் அடுத்த ஆண்டின் கன்று தள்ளிப் போகிறது. இப்படி இரண்டு மூன்று ஈத்து தள்ளிப்போனால் ஓர் ஆண்டே கன்றில்லாமல் கழிகிறது. உங்கள் கன்றுகள் சிதறிப் பிறப்பதும் எண்ணிக்கை குறைவதும் இந்த ஒரே நோவின் இரண்டு முகங்களாக இருக்கலாம்.

கன்று ஈன்ற பசு எத்தனை நாளில் பருவத்துக்குத் திரும்பும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, ஈனும் நாளில் அதன் உடலில் இருந்த சதைப்பிடிப்பு. உண்ணும் தீனியைப் பசுவின் உடல் ஒரு வரிசையில் செலவழிக்கிறது: முதலில் தன் உயிரைக் காத்துக்கொள்ள, பிறகு வளரும் பசுவாயின் தன் வளர்ச்சிக்கு, பிறகு கன்றின் பாலுக்கு, அடுத்த சினை அந்த வரிசையின் கடைசியில் நிற்கிறது. எனவே, மெலிந்து ஈன்ற பசுவுக்குப் பிறகு எவ்வளவு அள்ளிப் போட்டாலும் அதில் பெரும்பங்கு மடிக்குத்தான் போகும். கருப்பைக்கு எஞ்சுவது சொற்பம். உடல்நிலையை 1 முதல் 9 வரை மதிப்பிடும் முறையில், ஈனும்போது 5 மதிப்பெண் உள்ள பசு ஏறத்தாழ இரண்டு மாதத்துக்குள் பருவத்துக்கு வந்துவிடுகிறது. 3 மதிப்பெண்ணோடு ஈன்றது 80 நாளைத் தாண்டிவிடுகிறது. 82 நாள் கணக்கில் அந்தப் பசு தோற்றுவிட்டது என்றுதான் பொருள்.

மதிப்பிடக் கருவி எதுவும் தேவையில்லை. ஆனால் கண்ணை மட்டும் நம்பாதீர்கள், கையையும் பயன்படுத்துங்கள். ஒருமுறை, அடர்ந்த மயிரோடு நல்ல திடமாகத் தெரிந்த ஒரு பசுவின் பக்கத்தில் நின்று, உரிமையாளரின் உள்ளங்கையை எடுத்து அதன் விலாவில் வைக்கச் சொன்னேன். விரல்கள் ஒவ்வொரு எலும்புக்கும் இடையில் பள்ளத்தில் இறங்கியதும் அவர் முகம் மாறியதை இன்றும் மறக்கவில்லை. பசு நன்றாக இருப்பதாகவே அவர் ஆறு மாதமாக நினைத்திருந்தார். நிறைந்த வயிறும் நீண்ட மயிரும் சேர்ந்து மெலிவை மறைத்திருந்தன. எல்லா விலா எலும்புகளும் தெரிந்து முதுகெலும்பின் முனைகள் கூராகக் கைக்குத் தட்டுப்பட்டால் மதிப்பெண் 3. கடைசி ஒன்றிரண்டு விலாக்கள் மட்டும் இலேசாகத் தெரிந்தால் 4. விலாக்கள் வெளியே தெரியாமல், அழுத்தினால் மட்டும் தட்டுப்பட்டு, வாலடியின் இருபுறமும் சற்றே சதை பிடித்திருந்தால் 5. ஈனும்போது வளர்ந்த பசுக்கள் 5-இலும், தலை ஈத்துக் கிடேரிகள் 6-இலும் இருக்கவேண்டும்.

ஒரு மதிப்பெண் என்பது நடுத்தர உடலுள்ள பசுவுக்கு 35 முதல் 40 கிலோ எடை. ஈனுவதற்கு மூன்று மாதம் முன்பு ஒரு மதிப்பெண் குறைந்திருக்கும் பசுவை ஈடேற்ற, கருவின் வளர்ச்சிக்குப் போக, நாளொன்றுக்கு 400 கிராம் அளவுக்கு எடை கூட்டவேண்டியிருக்கும். கருவின் எடையில் பாதிக்கு மேல் அந்தக் கடைசி மூன்று மாதத்தில்தான் சேர்கிறது என்பதால், இந்தக் காலத்தில் இழந்ததை மீட்பது கடினம். எனவே கன்றைத் தாயிடமிருந்து பிரித்ததிலிருந்து கடைசி மூன்று மாதம் தொடங்கும்வரை உள்ள இடைக்காலத்தில், பசுவுக்குப் பாலின் சுமை இல்லாதபோதே, சதையைக் கூட்டிவிடுங்கள். மெலிந்தவற்றையும் முதல் ஈத்துப் பசுக்களையும் தனியே கட்டித் தீனி வைப்பது மிக முக்கியம். ஒரே தொட்டியில் வைத்தால் முதிர்ந்த பசுக்கள் முட்டித் தள்ளிவிட்டுத் தாங்களே தின்றுவிடும். தாது உப்புக் கலவை எப்போதும் எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

இப்போது காளை. எட்டுப் பசு என்பது ஐந்து வயதுக் காளைக்குச் சுமையே அல்ல. வளர்ந்த காளை ஒன்று 25 முதல் 30 பசு வரை பார்க்கும். ஆயினும் அதைச் சோதிக்காமல் விடக்கூடாது. விதைப்பையின் சுற்றளவு, விந்தணுவின் இயக்கம், வடிவம், கால்கள், கண்கள் ஆகியவற்றைக் காளைச் சேர்க்கைக்கு இரண்டு மாதம் முன்பே மருத்துவர் பார்க்கவேண்டும். விந்தணு உருவாகி முதிர ஏறத்தாழ இரண்டு மாதம் ஆவதால், சென்ற ஆண்டு வந்து தீர்ந்துவிட்ட ஒரு கடும் காய்ச்சலோ கால் புண்ணோ கூட அதற்குப் பிந்தைய வாரங்களில் காளையை மலடாக்கியிருக்கக்கூடும்.

இதைவிட நான் அஞ்சுவது ட்ரைக்கோமோனியாசிஸ் என்னும் தொற்றை. சேர்க்கையால் பரவும் இந்நோய் உள்ள காளை பார்வைக்கு முழு நலத்தோடு இருக்கும். பசுவோ சினை பிடித்து, சில வாரங்களில் கரு அழிந்து, மீண்டும் பருவத்துக்கு வரும். சிதறிய ஈற்றும் குறைந்த கன்றும் இதன் அடையாளங்கள். உங்கள் கடிதத்திலும் அவையே உள்ளன. காளைக்கு வயது ஏற ஏற ஆண்குறியை மூடியிருக்கும் உறைத்தோலின் மடிப்புகள் ஆழமாவதால், நான்கு வயதைத் தாண்டிய காளைகள் இத்தொற்றை நிலையாகச் சுமக்கும் வாய்ப்பு கூடுகிறது. அந்த உறைத்தோலிலிருந்து மாதிரி எடுத்துச் சோதித்து, தொற்று இருந்தால் காளையைக் கழித்துவிடுவதைத் தவிர வேறு வழியில்லை. பெரும்பாலான பசுக்கள் சில மாதச் சேர்க்கை ஓய்வில் தாமாகவே தேறிவிடும். இரவல் காளை கூடவே கூடாது என்று நான் உறுதியாகச் சொல்வதும் இதனால்தான். பண்ணைக்குப் பண்ணை சுற்றும் காளை ஒவ்வொரு மந்தையின் நோயையும் அடுத்த மந்தைக்குச் சுமந்து செல்கிறது.

எட்டுப் பசுவுக்கு என் தேர்வு சினை ஊசிதான். ஆண்டு முழுவதும் ஒரு காளைக்குப் போடும் தீனியில் இன்னொரு பசுவை வளர்த்துவிடலாம். எளிதில் ஈனக்கூடிய, நன்றாக எடை கூடும் கன்றுகளைத் தரும் காளைகளின் விந்தை ஒவ்வொரு பசுவுக்கும் ஏற்றவாறு தேர்ந்தெடுக்கலாம். தகப்பன் மகள் சிக்கலும் ஒழிகிறது. குடும்பத்தில் குழந்தைகள் இருந்தால் இன்னொரு காரணமும் உண்டு. கன்றிலிருந்தே கையில் புட்டிப்பால் ஊட்டிச் செல்லமாக வளர்த்த காளை மனிதரைக் கண்டு அஞ்சாது. ஆகவே அதுதான் மிக ஆபத்தானது. விலை என்னவென்றால், பருவத்தைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு காளையிடமிருந்து உங்கள் தோளுக்கு மாறுகிறது. காலையிலும் மாலையிலும் அரை மணி நேரம் மந்தையின் ஓரத்தில் வேறு வேலை இல்லாமல் நின்று பாருங்கள். கத்துவதும், தெளிந்த வழும்பு ஒழுகுவதும், மற்றவற்றின் மீது ஏறுவதும் குறிப்புகள் மட்டுமே. மற்றொரு மாடு மேலே ஏறும்போது விலகாமல் நின்று கொடுப்பதுதான் உறுதியான அடையாளம். காலையில் நின்று கொடுத்தால் அன்று மாலையும், மாலையில் நின்று கொடுத்தால் மறுநாள் காலையும் ஊசி போடவேண்டும். பருவம் தொடங்கிய ஒரு நாள் கழித்தே கருமுட்டை வெளிவருவதால் இந்த அரைநாள் காத்திருப்பு அவசியம். இதற்கு வீட்டில் ஒருவராலும் நேரம் ஒதுக்க முடியாது என்றால், சினை ஊசியை விட்டுவிட்டு, சோதிக்கப்பட்ட, உறவில்லாத இளங்காளை ஒன்றை வாங்குவதே நேர்மையான வழி.

எந்த வழியானாலும் சேர்க்கைக்கு ஒரு காலவரம்பு வேண்டும். மூன்று பருவச் சுழற்சி கொண்ட 63 நாள் என்பதே இலக்கு. ஆண்டு முழுவதும் ஈனும் மந்தையை ஒரே ஆண்டில் அதற்குள் அடைக்க முயன்றால் பாதிப் பசுக்களைக் கழிக்க நேரும். முதல் ஆண்டு 120 நாள், அடுத்த ஆண்டு 90, பிறகு 63 என்று குறுக்குங்கள். கடைசிச் சேர்க்கைக்கு 40 நாள் கழித்துச் சினை பார்த்து, மெலியாத நிலையிலும் வெறுமையாக நிற்கும் பசுவை விற்றுவிடுங்கள். மனத்துக்குக் கடினமான முடிவுதான். ஆனால் சிறு பண்ணையில் ஓராண்டு சும்மா நிற்கும் ஒரு பசு மற்ற இரண்டின் தீனியைக் குறைத்துவிடுகிறது.

கிடேரிகள் வெறுமையாக இருந்தால், வளர்ந்த எடையில் 60 முதல் 65 விழுக்காட்டை எட்டியபின் சேர்க்கலாம். தாய் 500 கிலோ என்றால் கிடேரி 300 முதல் 325 கிலோ. பிறப்பெடை குறைந்த கன்றுகளைத் தரும் காளையின் விந்தையே அவற்றுக்குத் தேர்ந்தெடுங்கள். பசுக்களுக்கு மூன்று வாரம் முன்பே அவற்றைச் சேர்த்துவிடுங்கள், ஏனெனில் தலை ஈத்துக்குப் பின் அவை பருவத்துக்குத் திரும்ப அதிக நாள் எடுக்கும். கன்று பெரிதாகிவிடும் என்று அஞ்சிச் சினைக் கிடேரியைப் பட்டினி போடும் பழக்கம் வேண்டாம். ஈற்று அதனால் எளிதாவதில்லை. தாயும் கன்றும் சோர்ந்துபோவதுதான் மிச்சம்.

ஈற்றின்போது பனிக்குடம் வெளித்தெரிந்தபின் கிடேரி ஒரு மணி நேரம் முக்கியும் முன்னேற்றம் இல்லையென்றால், பசுவாயின் அரை மணியிலேயே, மருத்துவரை அழையுங்கள். குளம்புகளின் அடிப்பகுதி கீழ்நோக்கியிருந்து, அவற்றின் மேல் மூக்கு படிந்திருந்தால் கன்று சரியாக வருகிறது. அடிப்பகுதி மேல்நோக்கியிருந்தால் அவை பின்னங்கால்களாக இருக்கலாம். இழுக்க முயலாமல் உதவிக்குக் காத்திருங்கள். 1970-களில் கனடாவின் மனிடோபா மாகாணத்தில் ஹெர்ஃபோர்டு மாடுகள் வளர்த்த கஸ் கொனெஃபால், இரவு வெகுநேரம் கழித்துத் தீனி வைத்தால் பெரும்பாலான பசுக்கள் பகலில் ஈனுவதைக் கண்டறிந்து சொன்னார். பின்னர் நடந்த சோதனைகளும் மாலைத் தீனிக்கு அதே பலனைக் காட்டின. கடைசி மாதத்தில் முக்கியத் தீனியை மாலைக்கு மாற்றிப் பாருங்கள். தூக்கம் மிஞ்சும், கன்றுகளும் தப்பும்.

பிறந்த கன்று முதல் நான்கு மணி நேரத்துக்குள் சீம்பால் குடித்திருக்கவேண்டும். 12 மணி நேரத்துக்குள் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 35 கிலோ கன்றுக்கு மூன்றரை லிட்டர், உள்ளே போகவேண்டும். 24 மணி நேரத்துக்குப் பிறகு எதிர்ப்புப் புரதங்களைக் குடல் உறிஞ்சாது. காம்பில் மெழுகு போன்ற அடைப்பு அப்படியே இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். இருந்தால், தாயின் அருகில் எவ்வளவு நேரம் நின்றிருந்தாலும் அந்தக் காம்பில் கன்று குடிக்கவில்லை என்று பொருள்.

பிறகு வளர்ப்பது ஒப்பீட்டளவில் எளிது. காயடிப்பதையும் கொம்பு சுடுவதையும் இரண்டு மாதத்துக்குள் வலிநீக்கியோடு முடித்துவிடுங்கள். 6 முதல் 8 மாதத்தில் தாயிடமிருந்து பிரிக்கும்போது, இரண்டும் ஒன்றையொன்று பார்க்கும்படி வேலிக்கு இருபுறமும் ஒரு வாரம் விட்டால் கத்தலும் எடை இழப்பும் குறையும். மேய்ச்சலிலிருந்து தானியத் தீனிக்கு மாற்றுவதை மூன்று வாரம் பரப்பிச் செய்யுங்கள். அவசரப்பட்டால் இரைப்பையில் அமிலம் கூடி மாடு ஒரே இரவில் விழுந்துவிடும். இறைச்சிக்கு அனுப்பும் மாட்டுக்குப் போட்ட ஒவ்வொரு மருந்தின் பெயரையும், நாளையும், மருந்துப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் விலக்குக் காலத்தையும் (மருந்து உடலை விட்டு நீங்கக் காத்திருக்கவேண்டிய நாள்கள்) கொட்டகைச் சுவரிலேயே எழுதி வையுங்கள். அந்த நாள் கழியும்வரை மாடு பண்ணையை விட்டு வெளியேறக் கூடாது.