பிரஷர் மாத்திரை: பீட்டா பிளாக்கர் பற்றி வாசகர்கள் கேட்டவை

பத்து வருடமாக அட்டெனலால் 50 சாப்பிடுகிறேன். இப்போது பிபி 124/80. நிறுத்திவிடலாமா?

தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள். 124/80 என்றால் மாத்திரை வேலை செய்கிறது என்று அர்த்தம், பிபி போய்விட்டது என்றல்ல. அட்டெனலால் ஒரு பீட்டா பிளாக்கர். இதயத்தை வேகமாகத் துடிக்க வைக்கும் அட்ரினலின் என்ற ஹார்மோன் இதயத்தில் வந்து ஒட்டும் இடங்களை இந்த மாத்திரை அடைத்து வைக்கிறது. நாளாக நாளாக இதயம் அப்படிப்பட்ட இடங்களைக் கூடுதலாக உண்டாக்கிக்கொள்ளும். மாத்திரை சட்டென்று நின்றால் அத்தனையும் ஒரேயடியாகத் திறந்துகொள்ளும். படபடப்பு வரும், பிபி ஏறும். ரத்தக்குழாயில் அடைப்பு உள்ளவருக்கு மாரடைப்பே வரலாம்.

ஊர்த் திருவிழாவுக்குப் போன ஒருவர் மாத்திரை அட்டையை வீட்டிலேயே மறந்துவிட்டார். நான்காம் நாள் என் எதிரே உட்கார்ந்தபோது அவர் கழுத்து நரம்பு துடிப்பது மேசைக்கு இந்தப் பக்கமிருந்தே தெரிந்தது. நாடி 128. "நாலு நாள்தானே டாக்டர்" என்றார். நிறுத்தியே ஆக வேண்டுமென்றால் ஒன்றிரண்டு வாரத்தில் அளவைப் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்துவோம்.

இது பழைய மருந்து, மாற்றலாம் என்கிறார் புது டாக்டர். சரியா?

பிபி மட்டும்தான் தொந்தரவு என்றால், அதுவும் 60 வயதைத் தாண்டியவர் என்றால், சரிதான். 2002இல் வெளியான லைஃப் ஆய்வில் அட்டெனலாலையும், லோசார்டன் என்ற வேறு வகை பிபி மாத்திரையையும் ஒப்பிட்டார்கள். இரு தரப்புக்கும் பிபி ஏறக்குறைய ஒரே அளவுக்குத்தான் இறங்கியது. ஆனாலும் அட்டெனலால் எடுத்தவர்களைவிட லோசார்டன் எடுத்தவர்களுக்குப் பக்கவாதம் குறைவாகவே வந்தது. ஆனால் ஆஞ்சைனா என்னும் இதய நெஞ்சுவலி உள்ளவருக்கும், இதயம் பலவீனமானவருக்கும் பீட்டா பிளாக்கர் இன்றும் மிக முக்கியமான மருந்து. உங்களுக்கு முதலில் எதற்காக எழுதிக்கொடுத்தார்கள் என்பதைப் பழைய சீட்டில் பார்த்து, புது டாக்டரிடம் காட்டுங்கள்.

இன்சுலின் போடுகிறேன். பயப்பட வேண்டுமா?

கவனம் வேண்டும். லோ சுகர் வந்தால் முதலில் காட்டிக்கொடுப்பது படபடப்பும் கை நடுக்கமும்தான். மாத்திரை அவற்றை அமுக்கிவிடும். வியர்வையை அமுக்காது. ஃபேனுக்கு அடியில் இருந்தும் நெற்றி வியர்த்தால் உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள்.

எனக்கு வீசிங் உண்டு.

புரோப்ரனலால் என்ற பீட்டா பிளாக்கர் வேண்டவே வேண்டாம். மற்ற பீட்டா பிளாக்கர்களும் மூச்சுக்குழாயை இறுக்கலாம். டாக்டரிடம் இன்றே சொல்லுங்கள்.

எப்போதும் அசதி, கை கால் ஜில்லென்று இருக்கிறது. தாம்பத்தியத்திலும் நாட்டமில்லை. கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

கேட்டது நல்லது. இந்த மூன்றுமே இம்மாத்திரையால் வரக்கூடியவை. கூச்சப்பட்டுக்கொண்டு பலர் சொல்லாமலே மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதுதான் பயம். அளவைக் குறைக்கலாம், நெபிவோலால் என்ற இன்னொரு பீட்டா பிளாக்கருக்கு மாற்றலாம், வேறு வகை மருந்துக்கே போகலாம். காலையில் எழுந்ததும் மணிக்கட்டில் ஒரு நிமிடம் நாடியை எண்ணிக் குறித்து வையுங்கள். 50க்குக் கீழே போனாலோ, தலை சுற்றினாலோ அடுத்த மாத்திரைக்கு முன்பே டாக்டரைக் கூப்பிடுங்கள்.