பெடல் ஸ்டீல் கிற்றாரைக் கையால் செய்விப்பது: கேள்வி பதில்

கிளிநொச்சியில் ஒரு கடைச்சல் பட்டறைக்காரரையும் ஒரு தச்சரையும் கொண்டு எனக்கெனப் பத்துத் தந்திப் பெடல் ஸ்டீல் கிற்றார் ஒன்றைச் செய்வித்ததை அறிந்தவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். கால்களில் நிற்கும் பெட்டியில் தந்திகள் கிடையாக நீண்டிருக்க, கையால் உருக்கு உருளையைத் தந்திமேல் நகர்த்தி, காலால் பெடலை மிதித்துச் சுருதியை மாற்றி வாசிக்கும் மின்வாத்தியம் இது. வாசிப்புப் பாடம் என் துறையன்று.

முள்ளியவளை: ஐயா, என்னிடம் ஹவாய் கிற்றார் இருக்கிறது. அதற்கே பெடல் பூட்டினால் போதாதா?

போதாது. மடியில் கிடத்தி வாசிக்கும் ஹவாய் கிற்றாரில் உருளையை நகர்த்தும்போது எல்லாத் தந்திகளும் ஒன்றாகவே ஏறி இறங்கும். பெடலோ, மற்றத் தந்திகள் நிற்க, குறித்த தந்தியை மட்டும் ஏற்றும். 1954இல் வெளியான அமெரிக்கப் பாடகர் வெப் பியர்ஸின் பாடலொன்றில், தந்தி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே ஸ்டீல் கிற்றார்க் கலைஞர் பட் ஐசாக்ஸ் பெடலை மிதித்துச் சுருதியை நழுவவிட்ட பிறகுதான் பலரும் அந்த ஒலியைத் தேடத் தொடங்கினர். ஈ9 என்னும் வழக்கமான சுருதியமைப்பில் முதலாம் பெடல் 5ஆம், 10ஆம் தந்திகளை பி இலிருந்து சி ஷார்ப்புக்கும், இரண்டாம் பெடல் 3ஆம், 6ஆம் தந்திகளை ஜி ஷார்ப்பிலிருந்து ஏ சுரத்துக்கும் ஏற்றும். இதைச் செய்வது சேஞ்சர் என்னும் பொறி: ஒவ்வொரு தந்தியும் ஓர் அலுமினிய விரலின் மேல் வளைந்து இறங்க, பெட்டியின் அடியில் ஓடும் இழுகம்பி அந்த விரலைத் திருப்பும், காலை எடுத்ததும் சுருள்வில் அதைப் பழைய இடத்துக்கே கொண்டுவரும். ஹவாய் கிற்றாரின் பெட்டியில் இதற்கு இடமுமில்லை, விறைப்புமில்லை. ஆகவே முதலில் நல்ல கடைச்சல்காரரைத் தேடுங்கள். தச்சரைப் பிறகு தேடலாம்.

விசுவமடு: மொத்தச் செலவு எவ்வளவு?

இழுப்புகளை எண்ணுங்கள். ஒரு பெடலோ, முழங்காலால் தள்ளும் லீவரோ ஒரு தந்தியின் சுருதியை மாற்றுவது ஓர் இழுப்பு. வழக்கமான மூன்று பெடல்களுக்கு, பெடலுக்கு இரண்டாக, 6 இழுப்புகள். நான்கு முழங்கால் லீவர்களுக்கு, லீவருக்கு இரண்டாக, 8 இழுப்புகள். இந்த 14 இழுப்புகளுக்கும் 14 கம்பிகள், பெடலோ லீவரோ திருப்பும் தண்டோடு அவற்றைக் கோக்கும் 14 நெம்புத் துண்டுகள், இவற்றோடு 10 விரல்கள். இந்தப் பட்டியலைப் பட்டறையில் கொடுத்தால் அவரே விலை சொல்வார்.

புதுக்குடியிருப்பு: காணி துப்புரவாக்கும்போது அலுமினியக் குழாய்களும் தகடுகளும் கிடைத்தன. உருக்கி விரல் வார்க்கலாமா?

தம்பி, தயவுசெய்து அவற்றைத் தொடாதீர்கள். கிடந்த இடத்தைப் பொலிசாருக்கோ கண்ணிவெடி அகற்றும் பிரிவினருக்கோ அறிவியுங்கள். நமது மண்ணிலிருந்து கிளம்பும் உலோகம் எதுவாயினும் என் பதில் இதுதான். விரலுக்கு 6061 வகை அலுமினியக் கட்டையைக் காசு கொடுத்து வாங்குங்கள். வார்ப்பில் நுண்குமிழிகள் இருக்கும், தந்தி அங்கேதான் அரைபடும்.

பரந்தன்: இழுகம்பிக்குச் சைக்கிள் கம்பி சரிவருமா?

நீளம் போதாது, ஒட்டினால் ஒட்டு இளகும். ஒரு மீற்றர் நீளத்தில் விற்கும் 2.4 மில்லிமீற்றர் துருப்பிடியா உருக்கு வெல்டிங் நிரப்புக் கம்பியை வாங்குங்கள்.

ஒட்டுசுட்டான்: பெட்டிக்கு முதிரை நல்லதா, பாலை நல்லதா?

அமெரிக்காவில் வழக்கமாகப் பயன்படுவது கடின மேப்பிள். அதன் எடை ஒரு கன மீற்றருக்கு ஏறத்தாழ 700 கிலோகிராம். பாலை 1000 கிலோகிராமைத் தாண்டும், தண்ணீரில் தாழும். அந்தப் பெட்டியைக் கோயில் திருவிழாவுக்குத் தூக்கிச் செல்ல இன்னொருவர் வேண்டும். நான் முதிரையில் செய்வித்தேன். முதிரையின் அரத்தூள் சிலருக்குத் தோலில் அரிப்பை உண்டாக்கும் என்பதால் முகமூடியும் முழுக்கைச் சட்டையும் வேண்டும். எந்த மரமானாலும் அனுமதிப் பத்திரமில்லாமல் ஏற்றாதீர்கள்.

வவுனியா: நான் தவில் செய்பவன். பலாவை விட்டால் வேறு வாத்திய மரம் உண்டோ? தாங்கள் முதிரையைச் சொல்வது வியப்பாக இருக்கிறது.

ஐயா, தங்கள் கைக்கு என் வணக்கம். ஆயினும் தவிலில் மரம் குடைந்த கூடாக நின்று ஒலிக்கிறது. இங்கே ஒலியை எடுப்பது தந்திக்குக் கீழேயுள்ள மின்காந்தச் சுருள். பெட்டியின் முதல் வேலை வளையாமல் நிற்பதே. பெடலை மிதிக்கும்போது இழுகம்பிகளின் விசையால் பெட்டி மயிரிழையளவு வளைய, அசையாதிருக்க வேண்டிய தந்திகளும் சற்றே இறங்கிவிடும். மரத்தை வெட்டியவுடன் தொடாமல் உலரவிடும் தங்கள் வழக்கத்தை மட்டும் இக்கலையில் ஈடுபடும் எல்லோரும் பின்பற்ற வேண்டும். ஒரு மாரியாவது பார்க்காத பலகையை என் தச்சரும் கையில் எடுக்கமாட்டார்.

மாங்குளம்: மூன்றாம் தந்தி அடிக்கடி அறுகிறது.

0.011 அங்குலத் தந்தி அது. எல்லோருக்கும் அதுதான் முதலில் அறும். விரலின் வளைவில் பள்ளம் விழுந்திருந்தால் மெருகிடச் சொல்லுங்கள். இதுவும் கடைச்சல்காரரின் வேலைதான், தச்சருடையதன்று.

மன்னார்: கர்நாடக இசை வாசிக்கலாமா?

மெட்டில்லாத சித்திரவீணையை வாசிப்பவர்கள் பெடலின்றியே வழுக்கி வாசிக்கிறார்கள். கமகத்துக்குக் கை போதும்.

நெடுங்கேணி: செலவு எவ்வளவு?

விசுவமடுக்காரருக்கு எழுதியதை வாசியுங்கள்.

வவுனியா, மீண்டும்: பலாவும் வளையாது என்று நான் சொன்னால்?

அளந்து பார்ப்போம். முதலிரு பெடல்களையும் ஒருசேர மிதித்து, அவை தொடாத 8ஆம் தந்தியைச் சுருதிமானியில் பாருங்கள். அரைச்சுரத்துக்கு 100 சென்ற் என்ற கணக்கில் என் முதிரைப் பெட்டியில் அது 4 சென்ற் இறங்குகிறது; பெருமைப்படும் கணக்கன்று. தாங்கள் பலாவில் ஒரு பெட்டி செய்து தாருங்கள். என் சேஞ்சரைக் கழற்றி அதில் பூட்டுகிறேன்.