"சிஸ்டர், நான் பிழைப்பேனா?"

கேள்வி: அரசு மருத்துவமனையின் புற்றுநோய் வார்டில் செவிலியராக இருக்கிறேன். வாய்ப்புற்று முற்றிய நிலையில் ஒருவர் இருக்கிறார். இரவெல்லாம் வலியில் முனகுகிறார். மார்ஃபின் கொடுத்தால் பழக்கமாகிவிடும், சீக்கிரம் போய்விடுவார் என்று வீட்டார் தடுக்கிறார்கள். நோய் இன்னதென்று அவரிடம் சொல்லவும் கூடாதாம். அவரோ என்னிடம், "சிஸ்டர், நான் பிழைப்பேனா?" என்று கேட்கிறார். நான் என்ன செய்வது?

பதில்: முதலில் வலியைக் கவனியுங்கள், சகோதரி. வலியில் துடிப்பவரிடம் யார் என்ன பேசினாலும் காதில் ஏறாது.

மார்ஃபின் மேல் வீட்டாருக்கு இருக்கும் பயத்தை நான் வருடக்கணக்கில் பார்த்து வருகிறேன். "கடைசி மருந்து" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவர்களை உட்கார வைத்துப் பொறுமையாகச் சொல்லுங்கள்: வலிக்கு ஏற்ற அளவில் மருத்துவர் பார்த்துக் கொடுக்கும்போது இது உயிரைக் குறுக்குவதில்லை, போதைக்கு அடிமையாவதும் அபூர்வம். மாத்திரையை வலி வந்தபிறகு கொடுக்காமல், வலி வருமுன் நேரம் தவறாமல் கொடுக்க வேண்டும். சாதாரண மார்ஃபின் மாத்திரை சுமார் 4 மணி நேரம்தான் தாங்கும். அதனால் காலை 6, 10, மதியம் 2, மாலை 6 என்று கொடுத்து, இரவு 10 மணிக்கு இரட்டை அளவு எழுதுவது நம் நாட்டில் வழக்கம். நோயாளியை நடுராத்திரியில் எழுப்ப வேண்டாம் அல்லவா?

இடையில் வலி வெடித்தால் கொடுக்க ஓர் எஸ்ஓஎஸ் (தேவைப்பட்டால் மட்டும் கொடுக்கும்) அளவையும் ரவுண்ட்ஸ் நேரத்திலேயே கேஸ் ஷீட்டில் எழுதி வாங்கிவிடுங்கள். இதைக் கேட்கத் தயங்கியே எத்தனையோ செவிலியர்கள் ராத்திரி கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார்கள். மார்ஃபினோடு மலச்சிக்கல் கிட்டத்தட்ட எல்லாருக்கும் வரும். முதல் நாளே பேதி மாத்திரையும் சேர்ந்து வர வேண்டும். குமட்டலும் தூக்கக் கலக்கமும் பெரும்பாலும் சில நாளில் அடங்கிவிடும். எழுப்பினாலும் எழாத அளவு மயக்கம், மூச்சு எண்ணிக்கை குறைவது என்றால் அடுத்த வேளையை நிறுத்தி உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். சிறுநீரகம் பழுதானவர்களிடம் கூடுதல் கவனம் தேவை, மருந்து உடலில் தங்கிவிடும்.

வாய்ப்புற்றில் இன்னொரு துயரம், புண்ணின் வாடை. என் வார்டில் ஒருவர் பேரக்குழந்தை வந்தால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். கன்னத்துப் புண்ணைக் கழுவி, மருத்துவர் சொன்னபடி, கிருமிகளைக் கொல்லும் மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவி வந்தோம். சில நாளில் வாடை குறைந்தது. குழந்தையைக் கட்டிலில் உட்கார வைக்கச் சொன்னார். அவருக்கு நாங்கள் கொடுத்ததிலேயே பெரிய மருந்து அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

சரி, அந்தக் கேள்விக்கு வருவோம். "ஒண்ணும் இல்லை, நல்லாயிடுவீங்க" என்று சொல்லிவிட்டு நகராதீர்கள். அப்புறம் அவர் உங்களிடம் எதையும் கேட்க மாட்டார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருங்கள். "ஏன்ணா அப்படிக் கேக்கறீங்க? உங்க மனசுல என்ன ஓடுது?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். பெரும்பாலானவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. மகள் கல்யாணம், அடமானத்தில் இருக்கும் நிலம், தனியாகிவிடப் போகும் மனைவி என்று பேச்சு அங்கேதான் போகும்.

வீட்டார் மறைப்பது பாசத்தால். அதை முதலில் வாய்விட்டு ஒப்புக்கொள்ளுங்கள். பிறகு, "அவரே என்னிடம் கேட்கிறார், தெரிந்துகொண்டே உங்களுக்காகத் தெரியாததுபோல் இருக்கிறாரோ என்று தோன்றுகிறது" என்று சொல்லிப் பாருங்கள். நோயின் விவரத்தை நீங்களாகப் போட்டு உடைக்க வேண்டாம். மருத்துவர், வீட்டார், நீங்கள் மூவரும் உட்கார்ந்து பேச ஒரு நேரம் குறியுங்கள். எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்பதை நோயாளியே சொல்லட்டும்.

வீட்டுக்கு அனுப்பும்போது, 2021-இல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வலியையும் தொல்லையையும் குறைக்க வீட்டுக்கே வரும் நோய் ஆதரவுச் சேவை உண்டு என்பதைச் சொல்லி, உள்ளூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதியச் செய்யுங்கள். எத்தனை நாள் மாத்திரை கையில் இருக்கிறது, தீரும்முன் எங்கே போய் வாங்குவது என்பதை ஒரு தாளில் எழுதி, கூட இருந்து பார்த்துக்கொள்பவரிடம் கொடுங்கள்.

உங்களுக்கு அழுகை வந்தால் அழுங்கள். டியூட்டி முடிந்ததும் கூட வேலை பார்க்கும் ஒருவரிடம் பத்து நிமிடம் பேசிவிட்டு வீட்டுக்குப் போங்கள். நாளைக் காலை ரவுண்ட்ஸில் அந்த எஸ்ஓஎஸ் அளவை மட்டும் மறக்காமல் எழுதி வாங்குங்கள்.