சும்மா நிற்பவருக்குச் சோறு எதற்கு?

கேள்வி: 2024ல் பலோன் டோர் விருதை ஸ்பெயினின் ரோட்ரிக்குக் கொடுத்தார்கள். அவர் கோல் அடிப்பதில்லை, யாரையும் ஏமாற்றி ஓடுவதும் இல்லை. திடலின் நடுவில் சும்மா நிற்கும் ஒருவர் எப்படி உலகின் சிறந்த வீரர் ஆனார்? நம் சிங்கப்பூர் அணிக்கு சுந்தரமூர்த்தி போல ஒருவர் மறுபடியும் கிடைத்தால் போதாதா?
– ஜூரோங் வெஸ்ட் வாசகர்

பதில்: ‘சும்மா’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

என் பாட்டி சொன்ன கதை இது, நீங்களும் கேட்டிருக்கலாம். ஒரு கோயிலில் தினமும் யார் யாருக்கு எவ்வளவு சோறு என்று கணக்கு எழுதி வைத்திருந்தார்கள். பூக்கட்டுபவருக்கு ஒரு பட்டை, மேளக்காரருக்கு ஒரு பட்டை, ‘சும்மா இருக்கும் சாமியாருக்கு’ ஒரு பட்டை. புதிதாக வந்த மணியக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. சும்மா இருப்பவருக்கு எதற்குச் சோறு? நிறுத்துவதற்கு முன் தானும் ஒரு நாள் இருந்து பார்த்துவிடுவோம் என்று தூணில் சாய்ந்து உட்கார்ந்தார். கொசு கடித்தது, கை போனது. பக்கத்தில் இருவர் ஊர்க்கதை பேசினார்கள், காது போனது. வீட்டில் மாட்டைக் கட்டினோமா என்று மனசு போனது. ஒரு நாழிகைகூடத் தாங்கவில்லை. மறுநாள் கணக்கைத் திருத்தினார்: சாமியாருக்கு இரண்டு பட்டை.

ரோட்ரி நிற்பது அந்தத் தூணடியில்தான். பந்து போகும் பக்கம் கால் தானாக இழுக்கும். எட்டு வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் ஒரே பந்தின் பின்னால் ஓடுவது அதனால்தான். அந்த இழுப்புக்கு இடம் கொடுக்காமல், எதிரணியின் பத்தாம் எண்ணுக்கு, அதாவது கோலுக்கு வழி அமைத்துக் கொடுப்பவருக்கு, பந்து வரக்கூடிய வழியை மறித்து நிற்க வேண்டும். பக்கவாட்டுத் தற்காப்பு ஆட்டக்காரர் மேலே ஏறினால் அவர் விட்டுப்போன ஓட்டையையும் கவனிக்க வேண்டும். இரண்டடி தள்ளிச் சரியான இடத்தில் நின்றால், எதிரணி அந்தப் பந்தைப் போடவே போடாது. போடாத பந்தை எந்தப் புள்ளிவிவரத்தில் எழுதுவது? தொலைக்காட்சியிலும் தெரியாது. கேமரா பந்தின் பின்னாலேயே ஓடுகிறது, அந்த எட்டு வயதுப் பிள்ளைகளைப் போல.

கோலே அடிப்பதில்லை என்பதும் சரியில்லை. 2023ல் இஸ்தான்புல்லில் இன்டர் மிலானுக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தின் ஒரே கோல் அவருடையது.

அப்புறம் ‘வீரர்’. இந்தப் பக்கத்தில் பலமுறை சண்டை போட்டிருக்கிறேன், இன்றும் போடுகிறேன். காற்பந்து ஆடுகிறவரை ஆட்டக்காரர் என்றே எழுதுங்கள். வீரர் என்று எழுதியதும் கண் வாள் சுழற்றுகிறவரைத் தேடுகிறது. நடுத்திடலில் நின்று வழி மறிப்பவர் அந்தக் கண்ணுக்குப் படவே மாட்டார். உங்கள் கேள்வியில் ‘சும்மா’ வந்ததற்கே ‘வீரர்’தான் காரணம் என்பது என் கட்சி.

ரியால் மட்ரிட்டும் ஒருமுறை அந்த மணியக்காரர் போலக் கணக்குப் பார்த்தது. 2003ல் பெக்கமை வாங்கிய அதே கோடையில், ரோட்ரி போல நடுவில் மறித்து நின்ற குளோட் மக்கலேலேயை இங்கிலாந்தின் செல்சிக்கு விற்றது. சிடான், ஃபிகோ, ரொனால்டோ, பெக்கம் என்று முன்னால் தேர் போல ஓர் அணி, ஆனால் 2007 வரை லீக் பட்டம் இல்லை. மக்கலேலே போன செல்சி 2004-05 பருவத்தில் 38 ஆட்டங்களில் 15 கோல்தான் விட்டுக்கொடுத்து லீக்கை வென்றது. அவர் நின்ற இடத்தை இங்கிலாந்தில் இன்றும் அவர் பெயரால்தான் சொல்கிறார்கள்.

அதே இடத்தில் வேறு வேலையும் செய்யலாம். இத்தாலியின் பிர்லோ இளமையில் முன்னால் ஆடியவர். 2001ல் பிரெஷா அணியில் முன்னால் ரோபெர்ட்டோ பாஜ்ஜோ இருந்தார், அதனால் பயிற்றுநர் மட்சோனே இவரைப் பின்னால் இறக்கினார். மறித்து நிற்கும் இடத்திலிருந்து ஆட்டத்தையே நடத்தினார் பிர்லோ. 2006 உலகக் கிண்ணத்தில் அவருக்காகப் பந்தைப் பிடுங்கிக் கொடுக்க கட்டூசோ பக்கத்திலேயே நின்றார்.

ஐரோப்பியக் கிண்ணமான யூரோ 2024 இறுதியாட்டத்தை இங்கே திங்கட்கிழமை அதிகாலை 3 மணிக்குக் காப்பிக்கடையில் பார்த்தேன். காயம்பட்ட ரோட்ரி இடைவேளைக்குப் பிறகு வரவில்லை. பக்கத்து மேசையில் “போச்சு” என்றார்கள். பதிலுக்கு வந்த சுபிமெண்டி அதே இடத்தில், அதே வேலையாக நின்றார். இரண்டாம் பாதி தொடங்கி இரண்டு நிமிடத்தில் ஸ்பெயின் கோல் அடித்தது, கடைசியில் 2-1 என்று வென்றது. யார் போனாலும் அந்த இடத்தைக் காலியாக விடக்கூடாது என்று ஓர் அணி முழுவதும் தெரிந்து வைத்திருந்தது.

இனி நீங்கள் கேட்ட சுந்தரமூர்த்தி, நம் சுந்தரம். சுவிட்சர்லாந்தின் பாசல் அணி வரை போய் ஆடியவர். அவர் காலில் பந்து வந்தாலே காலாங் விளையாட்டரங்கம் எழுந்து நிற்கும். அந்த ஆசை எனக்கும் விடவில்லை. ஆனால் நாம் பேச்சில் வைத்திருப்பது கோல்களை மட்டும்தான். 1994ல் ஷா ஆலமில் பகாங்கை 4-0 என்று வென்று மலேசியக் கிண்ணத்தைக் கொண்டு வந்தோம். அப்பாஸ் சாட் மூன்று கோல் அடித்தது எல்லாருக்கும் தெரியும். அந்த அணியின் நடுத்திடலில் மூச்சுவிடாமல் ஓடிய மாலேக் அவாப்பைப் பற்றி எனக்கு இதுவரை ஒரு கேள்விகூட வந்ததில்லை.

ஹாரிஸ் ஹருணைப் பற்றியும் வந்ததில்லை. 2007ல் 16 வயதில் தேசிய அணியில் இறங்கியவர், நூறு ஆட்டங்களைத் தாண்டியவர். பல ஆண்டுகள் நடுத்திடலில் நின்று நம் தற்காப்பைக் காத்தார். இன்றும் நம் கண் கோல்மேல்தான். ஆசியக் கிண்ணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1984ல் அதை இங்கே நடத்தியதால் ஆடினோம். தகுதிச் சுற்றில் வென்று உள்ளே போவது 2025 நவம்பரில்தான் முதன்முறை நடந்தது, ஹாங்காங்கை அதன் ஊரிலேயே 2-1 என்று தோற்கடித்து. ஷவால் அனுவாரும் இல்ஹான் ஃபாண்டியும் கோல் அடித்தார்கள், சந்தோஷம். அடுத்த ஆட்டத்தில் பத்து நிமிடம் பந்தை விட்டுவிட்டு நடுவில் நிற்பவரை மட்டும் பாருங்கள். பந்து வருவதற்கு முன் இடது தோளுக்கு மேல் ஒரு பார்வை, வலது தோளுக்கு மேல் ஒரு பார்வை பார்ப்பார். பந்து வரும்போது உடம்பு பாதி திரும்பியிருக்கும், அடுத்து எங்கே தட்ட வேண்டும் என்று முன்பே முடிவாகியிருக்கும்.

சுந்தரம் போல ஒருவர் வந்தால் முதல் நாளே டிக்கெட் வாங்குவேன். அவருக்குப் பின்னால் யார் நிற்கப் போகிறார் என்பதை மட்டும் முதலில் சொல்லுங்கள்.