பிறந்த வீட்டுச் சொத்தில் பங்கு: மதுரை வக்கீலிடம் கேட்டவை

(இந்து வாரிசுரிமைச் சட்டம் பற்றி மட்டும் இங்கே பதில் சொல்கிறேன்.)

உசிலம்பட்டி வாசகி: எனக்கு 1986-ல் கல்யாணம். நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சு, பூர்வீக நிலத்தில் பங்கு கிடையாது என்கிறார் அண்ணன். அப்பா 2001-லேயே இறந்துவிட்டார். பங்கு உண்டா மேடம்?

உண்டு அக்கா. நகை போட்டால் பங்கு போய்விடும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. 1989-ம் வருடத் தமிழ்நாட்டுத் திருத்தம் அதற்கு முன்பே கல்யாணமான பெண்களை விட்டுவிட்டது. உங்கள் அண்ணன் இன்னும் அதிலேயே நிற்கிறார். 2005-ல் வந்த மத்தியத் திருத்தத்தில் அந்தப் பாகுபாடு இல்லை. அப்போது அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை, மகளுக்குப் பிறப்பாலேயே உரிமை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பத்திரம் பதிந்து பாகம் பிரித்திருந்தாலோ, நிலத்தை விற்றிருந்தாலோ அதைக் கலைக்க முடியாது. அதனால் முதலில் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். பட்டா அண்ணன் பேருக்கு மாறியிருந்தால் பயப்பட வேண்டாம், பட்டா மாறியதால் மட்டும் உங்கள் பங்கு போகாது.

மேலூர்: அப்பா சம்பாதித்து வாங்கிய வீட்டைத் தம்பிக்கு மட்டும் உயில் எழுதலாமா?

எழுதலாம். உயில் இல்லாமல் இறந்தால்தான் அம்மாவுக்கும் பிள்ளைகள் எல்லோருக்கும் சம பங்கு. இது 1956-லிருந்தே உள்ளது.

திருமங்கலம், ஒரு அண்ணன்: பங்கும் வேணும், தாய்மாமன் சீரும் வேணுமாக்கும்?

சீர் நீங்களாக விரும்பிச் செய்வது தம்பி. நிறுத்தினால் யாரும் கேஸ் போட மாட்டார்கள். பங்கு உங்கள் தங்கையுடையது, நீங்கள் கொடுப்பதல்ல. காதுகுத்துக்குத் தூக்கிப்போகும் தட்டையும் தோட்டத்தையும் எப்படி ஒன்றாகக் கணக்குப் பண்ணுகிறீர்கள்? அப்புறம், தங்கைக்கு இல்லை என்று என்னிடம் வாதாடுபவர்களில் சிலர், மனைவியின் பிறந்த வீட்டுப் பங்குக்கு என்ன செய்யலாம் என்று அதே மூச்சில் கேட்கிறார்கள்.

அலங்காநல்லூர்: நாளைக்கு விடுதலைப் பத்திரத்தில், அதாவது என் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரத்தில், கையெழுத்துப் போட வரச் சொல்றாங்க. அம்மாவும் அழுகிறார்.

நாளைக்குப் போகாதீர்கள். பத்திர நகலை வாங்கி வீட்டில் வைத்து நிதானமாகப் படியுங்கள், நிலத்தின் விலையை வெளியே விசாரியுங்கள். விட்டுக்கொடுப்பது உங்கள் இஷ்டம், அதில் தப்பில்லை. ஆனால் பதிந்த பிறகு ஏமாற்றி வாங்கினார்கள் என்று நிரூபிப்பது பெரும்பாடு.

வாடிப்பட்டி: வக்கீல் பீஸுக்கு வழியில்லை.

பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. ஆதார், அப்பாவின் இறப்புச் சான்று, கையில் இருக்கிற பத்திர நகல்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள்.